காசி அண்ணனின் வலது கை

காசி அண்ணன் கை வைத்தால் நாலு நாள்தான் என்று ஆம்பூரிலிருந்து மாதனூர் வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர்களைப் பெற்றவர்களுக்குப் பீ மூத்திரம் துடைத்திருக்கிறார். அந்த நன்றி கொஞ்சமாவது வேண்டாமா? ஆனால் அந்தப் பேச்சு முழுப் பொய் என்றும் என்னால் சொல்ல முடியாது. அதுதான் என் சங்கடம். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜாஸ்மின். நர்ஸ். பத்தொன்பது வருஷ சர்வீஸ், அதில் கடைசி ஏழு வருஷம் வீடு வீடாகப் போகிற வேலை. இனிமேல் வைத்தியம் செய்து பலனில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் இல்லையா, அவர்களுக்கு வலி மாத்திரை கொடுப்பதும் புண் கட்டுவதும் டியூப் மாற்றுவதும் எங்கள் டிரஸ்ட்டின் வேலை. ஒரு வேன், அதை ஓட்ட மஹபூப் பாஷா, இரண்டு மருந்துப் பெட்டி, நான். ஒரு நாளைக்கு ஆறு வீடு. எல்லாம் முடித்து என் வீட்டுக்குப் போனால், அங்கே என் மாமியார் இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். அவரைத் தூக்குவதும் நான்தான். வாய் ஜாஸ்தி என்று எனக்கு ஊரெல்லாம் பெயர். இத்தனைக்கும் நடுவில் வாயாவது மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

காசி அண்ணனுக்கு ஊர் சோமலாபுரம். பதினேழு வயதில் தோல் ஃபேக்டரிக்குள் போனவர். முதல் பத்து வருஷம் ஈரத் தோல் இழுக்கிற வேலை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் தரம் பிரிக்கிற மேஜை. பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோல் அந்த மேஜைக்கு வரும். வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் அதை விரித்து உள்ளங்கையால் ஒரே ஒரு முறை தடவுவார். ஆடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்தது, உண்ணி கடித்தது, அம்மை வந்து போனது எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று நீலச் சாக்பீஸால் எண் எழுதுவார். எதற்கும் ஆகாது, கழித்துவிட வேண்டியதுதான் என்றால், அந்தத் தோலின் இடது பின்னங்கால் மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு தோல். கை பாட்டுக்குத் தடவும், கை பாட்டுக்கு எழுதும், வாய் பக்கத்து மேஜைக்காரனோடு கதை பேசிக்கொண்டிருக்கும். கண் கூட அங்கே இருக்க வேண்டியதில்லை.

அவர் மனைவி சுந்தரிக்கு மார்பில் வந்த கேன்சர் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் பதினான்கு மாதம் படுத்திருந்தார். பிள்ளைகள் இல்லை. காசி அண்ணன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோது, ஆம்பளை பார்த்துக்கொள்கிற வீடு, முதுகு என்ன கதியில் இருக்குமோ என்று முனகிக்கொண்டேதான் சுந்தரியைத் திருப்பினேன். முதுகில் ஒரு கீறல் இல்லை. கட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் போட்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவுவார். இடது இடுப்பில் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே நாளை மறுநாள் சிவக்கும் சிஸ்டர் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளை மறுநாள் சிவந்தது. பத்தொன்பது வருஷ சர்வீஸ் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது.

சுந்தரி இறந்து காரியம் முடிந்த மறுநாள் டிரஸ்ட் வாசலில் வந்து நின்றார். வீட்டில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். எனக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து வேனில் பின் சீட் அவருடையது.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எப்படிப் புரட்டுவது, தன் இடுப்பு போகாமல் எப்படித் தூக்குவது, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துவது என்று அவர்கள் கைமேல் தன் கையை வைத்துக் காட்டுவார். அதிகம் பேசமாட்டார். ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் எங்களுக்கு நாற்காலி போடுவார்கள், படுத்திருப்பவர் என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வாந்தி எடுத்தார் என்று எல்லாம் சொல்வார்கள். பார்த்துக்கொள்கிறவள் சாப்பிட்டாளா என்று அவளும் சொல்லமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம். எங்கள் ஃபைலில் அவளுக்கு ஒரே ஒரு வரிதான். பெயர், உறவு, போன் நம்பர்.

முதல் குறியை மின்னூரில் பார்த்தேன். சுப்பராயன் என்று ஒரு பெரியவர். அவர் படுக்கை விரிப்பில், இடது கால் பக்கத்து மூலையில், நீலமாக ஒரு சின்னப் பெருக்கல் குறி. சலவைக்குப் போட்ட அடையாளம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அவர் போய்விட்டார். அடுத்த வாரம் பச்சகுப்பத்தில் ஓர் அம்மா. அதே மூலை, அதே குறி. நாலாம் நாள் தகவல் வந்தது.

மூன்றாவது வீட்டில் நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல், பதினோரு மணி இருக்கும். காசி அண்ணன் நோயாளியின் மகனிடம், அப்பாவை உட்காரவைக்கும்போது அக்குளில் பிடித்து இழுக்கக்கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். முகம் முழுக்க அந்தப் பையன் பக்கம். அவர் வலது கை மட்டும் தனியாகச் சட்டைப் பைக்குள் போனது, ஃபேக்டரிப் பழக்கத்தில் எப்போதும் வைத்திருக்கும் நீலச் சாக்பீஸை எடுத்தது, கால்மாட்டில் விரிப்பின் மூலையைப் பார்க்காமலே தேடிப் பிடித்தது, இரண்டு கோடு இழுத்தது, சாக்பீஸைத் திரும்பப் பையில் வைத்தது. அவர் பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை.

வேனில் ஏறியதும் கேட்டேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். விரல் நுனியில் நீலம். மஹபூப் பாஷா கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். காசி அண்ணன் அந்த நீலத்தை வேட்டியில் தேய்த்துத் துடைத்தார். பிறகு சுந்தரியைப் பற்றிச் சொன்னார்.

"அவ போறதுக்கு மூணு நாள் முன்னாடி போர்வ மூலைல நீலமா ஒண்ணு இருந்துச்சு சிஸ்டர். பக்கத்து வீட்டுப் பசங்க கிறுக்கிட்டாங்கன்னு கத்தினேன்." விரலை மறுபடி பார்த்தார். "அந்த வாரம் எங்க வீட்டுக்கு யாருமே வரல. இப்பதான் ஞாபகம் வருது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

"என் கையாலயே அவளக் கழிச்சுப் போட்டுட்டனா?"

மஹபூப் பாஷா வண்டியை எடுத்தார். பாலாற்றுப் பாலம் வந்ததும் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய் அந்தச் சாக்பீஸைக் கீழே மணலில் எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சாக்பீஸ் போனால் விட்டுவிடுமா? அடுத்த வாரமே இன்னொரு வீட்டில் அதே மூலையில் எண்ணெய்க் கறையாக ஒரு குறி இருந்தது. முதுகுக்குத் தடவிய தேங்காயெண்ணெய் ஈரத்தோடு விரல் போட்ட குறி. நீலத்தையாவது தட்டிவிடலாம். எண்ணெய் துணியில் ஊறி அப்படியே நின்றுவிட்டது.

பேச்சு பரவிவிட்டது. ஒரு வீட்டில் எங்கள் வேனைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் நர்ஸ் மட்டும் வரட்டும் என்றார்கள். இதற்கு நேர்மாறாக ஷஹீன் பானு என்று ஓர் அம்மா ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார். அவர் கணவர் அதாவுல்லா தொண்டையில் கேன்சரோடு ஆறு மாதமாகக் கிடந்தார். மூத்த மகன் சவுதியில். அவனுக்கு லீவு ஒரு தரம்தான் கிடைக்கும். இப்போது வரச் சொல்லி அவன் திரும்பிப் போன பிறகு உயிர் போனால் மண் போட மகன் இருக்கமாட்டான், தள்ளிப்போட்டால் முகம் பார்க்க முடியாது. அதனால் அந்தக் கைக்காரரை ஒரு தரம் வந்து தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் யாரைத் திட்டுவது? மாதக்கணக்கில் ஒருத்தரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, எப்போது என்று தெரியாததுதான் பெரிய பேஜார். காசி அண்ணன் கேட் வரைக்கும் வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வெயிலிலேயே நின்றார்.

எங்கள் டிரஸ்ட் டாக்டரம்மா அவரை நிறுத்திவிடச் சொன்னார். நான் சண்டை போட்டேன். முதுகுப் புண் எத்தனை வீட்டில் கம்மியாகியிருக்கிறது என்று பாருங்கள் என்றேன். ஆனால் நிற்பதற்கு அவரே தயாராக இருந்தார். அவருக்குள் ஓடியது ஒரே கேள்விதான். கை பார்த்துச் சொல்கிறதா, இல்லை, கை சொல்வதால்தான் நடக்கிறதா? முதலாவது என்றால் எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது என்றால் சுந்தரியைக் கொன்றது அவர். இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் வேலை முடிந்ததும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்.

துத்திப்பட்டு தாண்டி எல்லம்மா வீடு. கர்ப்பப்பைக் கேன்சர். ஒரே அறை, ஒரு கட்டில். பார்த்துக்கொள்வது மகள் தமிழினி, இருபத்தாறு வயது, ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற வேலையை அம்மாவுக்காக விட்டுவிட்டு வந்தவள். மகன் பிரேம்நாத் ஓசூரில் வேலை. ஆறு வாரமாக அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பெண் ஒரு நாள்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பாள். நல்ல பிள்ளை என்று ஃபைலில் எழுதாத குறைதான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. முதுகு தடவுவதில் அவள் அழுத்தம் போதவில்லை என்று காசி அண்ணன் அவள் கைமேல் தன் கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"சாப்டியா?" என்று கேட்டார்.

சாப்ட்டேன் மாமா என்றாள். நான் வாசலில் உட்கார்ந்து மாத்திரைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். அவர் யாரையும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. பிறகு அவர் கட்டிலின் கால்மாட்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். தமிழினி சுடச்சுட டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரின் சூட்டுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தொடைக்கு அடியில் இருந்த வலது கை வெளியே வந்தது.

கிளம்பும்போது பார்த்தேன். எல்லம்மாவின் கட்டிலில், கால்மாட்டில் மடித்து வைத்திருந்த கோடு போட்ட போர்வையின் மூலையில் எண்ணெய்க் குறி. இரண்டு கோடு, குறுக்கும் நெடுக்குமாக. எல்லம்மா அப்போதுதான் கூழ் குடித்துவிட்டு என்னிடம் சினிமா நடிகை யாரோ கல்யாணம் செய்துகொண்டதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் குறி தெரியாதபடி போர்வையைத் திருப்பி மடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? தமிழினியை வெளியே கூப்பிட்டு, அண்ணனுக்கு போன் பண்ணு, ரெண்டு மூணு நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். ஏன் சிஸ்டர் என்று அவள் கேட்கவில்லை. ஊர்ப் பேச்சு அவளுக்கும் தெரியும். பார்வை மட்டும் ஒரு முறை காசி அண்ணன் பக்கம் போய் வந்தது.

அந்த ஒரு வார்த்தையால் நான் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையலாம் போல இருக்கிறது. அம்மா போகப்போகிறாள் என்று அந்தப் பெண் அதற்குப் பிறகு பாயை விரிக்கவே இல்லை. கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் வைத்ததெல்லாம் அம்மாவுக்கு மட்டும்தான்.

நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு லீவு. ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சர்ச்சிலிருந்து வந்த புடவையோடு மஹபூப் பாஷாவைக் கூப்பிட்டேன். சோமலாபுரத்தில் காசி அண்ணன் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தினோம், ஏறிக்கொண்டார்.

போனால் எல்லம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து மகனுக்கு ஊரிலுள்ள பெண்களின் ஜாதகமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நாடி பிடித்தேன். எதற்கும் குறைவில்லை. காசி அண்ணன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்.

"இவங்களுக்கு இன்னும் நாள் இருக்குது சிஸ்டர்."

அப்படியென்றால் அந்தக் குறி? எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். எல்லாம் சும்மா, நாங்கள்தான் பைத்தியம் பிடித்து அலைகிறோம் என்று தோன்றியது. கால்மாட்டில் இருந்த கோடு போட்ட போர்வையை எடுத்துப் பிரித்து, அம்மா போர்வையில் எண்ணெய் பட்டிருக்கிறது, துவைத்துவிடச் சொல் என்று பிரேம்நாத்திடம் கொடுத்தேன்.

"இது அம்மாது இல்ல சிஸ்டர். அம்மாவுக்குப் பூப்போட்டதுதான். இது தங்கச்சி தமிழோடது. காலைல மடிச்சு இங்க வைக்கும்."

காசி அண்ணன் அந்தப் போர்வையைப் பார்த்தார். அவர் மேஜையில் குறி எப்போதும், தடவிய தோலில்தான் விழும். பக்கத்துத் தோலில் விழாது. அன்றைக்கு அவர் கை தடவியது யார் கையை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தமிழ் எங்கே என்று கேட்டேன். துணி துவைக்கப் பின்னாடி போச்சு, வந்துரும் என்றான் அண்ணன்காரன். எவ்வளவு நேரமாச்சு என்றேன். அவனுக்குத் தெரியவில்லை.

பின்பக்கம் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. குழாய் திறந்தபடியே இருந்தது. பக்கெட் நிரம்பி, தண்ணீர் துவைக்கிற கல்லைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் அவள் கிடந்தாள். ஒரு கை மட்டும் கல்லின்மேல் இருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சோற்றுக் கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது. உள்ளங்கையும் நகமும் அப்படியே. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, இந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து நான் டீ குடித்திருக்கிறேன். ஒரு நாள் இந்த இமையை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவள் பெயர்தான் ஃபைலில் நோயாளி இடத்தில் இல்லையே.

காசி அண்ணன் பின்வாசல் படியில் நின்றுவிட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் தொட மாட்டேன் சிஸ்டர். என் கையாலதான்…"

"உன் கை இல்லன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. வந்து தூக்குண்ணா," என்றேன்.

வந்தார். தானே சொல்லிக்கொடுக்கிற மாதிரி, ஒரு கை கழுத்துக்கும் ஒரு கை முட்டிக்கும் கீழே கொடுத்து அவளைத் தூக்கினார். வேனில் வேலூர் போகிற வரைக்கும் அவள் தலை அவர் மடியில் இருந்தது. வலது கையை அவள் நெற்றியிலிருந்து அவர் எடுக்கவே இல்லை. எடுத்தால் அது வேறெங்காவது போய்விடும் என்று பயந்த மாதிரி அழுத்திப் பிடித்திருந்தார்.

ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிலக்கில் ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. கர்ப்பப்பையில் கட்டி. அம்மாவுக்கு இருந்த மாதிரி கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டிதான். அம்மாவுக்கே அந்த இடத்தில் வந்திருக்கும்போது தனக்கும் ரத்தம் போகிறது என்று யாரிடம் சொல்வது, சொன்னால் அம்மா அதிலேயே செத்துப்போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். முதல் ரத்தப் பை ஏறுகிற வரைக்கும் நான் ஜெபம்கூடச் செய்யவில்லை, சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காசி அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தார். ஞாயிறு போனது. திங்கள் போனது. செவ்வாய்க்கிழமை காலை தமிழினி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். நான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவள் தானாகவே கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கி உள்ளங்கையைத் தடவினார். பிறகு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாலு நாள் தாண்டிடுச்சு சிஸ்டர்," என்றார்.

"தாண்டிடுச்சுண்ணா."

"அப்ப என் கை கொல்லல. அது பாக்குது, அவ்ளோதான்." வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "சுந்தரிய நான் கழிக்கல."

சுந்தரி செத்தபோது அழாதவர். அந்த வராண்டாவில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, வலது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன்.

எல்லம்மா அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். கடைசியில் பூப்போட்ட போர்வையில் குறி விழுந்தது. யாரும் மறைக்கவில்லை. பிரேம்நாத் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். தமிழினி முறை வைத்துத் தூங்கினாள். நாலாம் நாள் மத்தியானம் எல்லம்மா மகள் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

காசி அண்ணன் நிற்கவில்லை. இன்னும் எங்களோடுதான் வருகிறார். ஒரே மாற்றம், வீட்டுக்குள் போனதும் படுத்திருப்பவரிடம் முதலில் போவதில்லை. பார்த்துக்கொள்கிறவரை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, வெளிச்சத்தில் கையை நீட்டச் சொல்வார். கூச்சப்படுகிற பெண்களை நான் தொட்டுப் பார்த்து அவருக்குச் சொல்வேன். ஃபைலில் நானே ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், தூங்கினாரா, சாப்பிட்டாரா, உடம்பு எப்படி என்று. வேண்டுமென்றே முதல் பக்கத்தில் போட்டேன். இதுவரைக்கும் மூன்று பேரை அப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம். பயம் என்னவோ போகவில்லை. அந்த வலது கை தானாக நகரும்போது இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

போன செவ்வாய்க்கிழமை காலை. வேன் பைபாஸில் லாரிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அன்றைய வீடுகளின் பட்டியலை முன் சீட்டிலிருந்து திரும்பி அவரிடம் நீட்டினேன். மாமியாருக்கு விடிகாலையிலிருந்து வாந்தி. அவரைக் குளிப்பாட்டி, விரிப்பு மாற்றி, ஓடி வந்து ஏறியிருந்தேன். இந்த மூன்று மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை வாங்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது. அவர் விடவில்லை. என் கையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார்.

இன்னா அண்ணா, நான் எத்தனாவது தரம் என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக என்னை சிஸ்டர் என்றே கூப்பிட்டவர்.

"சாப்டியா ஜாஸ்மின்?" என்று கேட்டார்.

அவருடைய வலது கை இப்போது என் சீட் உறையின்மேல் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். லாரி நகர்ந்தது. முதலில் எந்த வீடு என்று மஹபூப் பாஷா கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு விடு பாய்," என்றேன்.

யாரைக் காட்ட வேண்டும் என்று கேட்டார்.

"என்னைத்தான்," என்றேன்.